பேரேடும் கணிப்பொறியும்: வங்கி, நிதி, கணிப்பொறி இணைந்த பட்டக் கல்வி

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணிக்கு அண்மையில், போளூர் வட்டத்தில், திருமலை என்னும் சிற்றூர் உள்ளது. குன்றும் குகையும் ஓவியமும் கொண்ட பழமையான சமணத் தலம் அது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அங்குப் பாறையில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, அம்மன்னன் கங்கை வரை பெற்ற வெற்றிகளை வரிசையாகக் கூறுவதால் வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமானது. ஆயின் அக்கல்வெட்டு எழுதப்பெற்றதன் நோக்கம் வேறு. மெய்க்கீர்த்தி முடிந்தபின் வரும் செய்தியே அதன் உட்பொருளாகும். பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை என்பார், திருமலையிலுள்ள குந்தவை சினாலயத்திற்கு நந்தா விளக்கு ஒன்றுக்கென 20 காசும், திருவமுதுக்கென 10 காசும் வழங்கினார் என்பதே அச்செய்தி.

நந்தா விளக்கு என்பது அணையாது எரிய வேண்டிய விளக்கு. கொடுத்த 20 காசுக்கும் எண்ணெய் வாங்கிவிட்டால், எண்ணெய் தீர்ந்த அன்றே விளக்கும் அணைந்துவிடும். ஆதலின் முதல் குறையாமல் இருக்க, அதன் வருவாயைக் கொண்டே விளக்கு எரிதல் வேண்டும். திருமலைக் கல்வெட்டு வட்டி வீதத்தைக் குறிப்பிடவில்லை. எனினும் ஏறத்தாழ அதே காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்ச் சபையார் கோயிற் பணத்தைப் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசையாகச் செலுத்த இசைந்த செய்தி பலமுறை வருகின்றது. பொலிசை என்பது வட்டி. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. இக்கால வழக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அதே வீதம் திருமலையிலும் வழங்கியிருப்பின், 20 காசுக்கு ஆண்டுக்கு இரண்டரைக் காசு கிடைத்திருக்கும்.

ஒருவர் பணத்தை மற்றவர் நம்பி ஏற்றுக்கொள்வது வங்கியியலின் தொடக்கம். முதல் அழியாமல் பயன் தரும்படி அதனை நிறுத்துவது நிதியியலின் வேலை. ஒப்படைத்தது எவ்வளவு, எதற்காக, பொறுப்பு யாருடையது என்பவற்றை எவரும் மாற்ற இயலாதபடி பதிந்து வைக்கும் பணியை அன்று கல்வெட்டு செய்தது. இன்று அப்பணி கணிப்பொறியிடம் வந்து சேர்ந்துள்ளது. இம்மூன்று துறைகளையும் ஒரே பட்டப்படிப்பில் இணைத்துப் பயிற்றும் முறையைப் பற்றி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை விளக்க வேண்டிய தேவை உண்டு. ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் எந்தப் பாடத்தில் சேர்வது என்னும் கேள்வி வீடுதோறும் எழுகின்றது. ஆரணி, செய்யாறு, போளூர், வந்தவாசிப் பகுதிகளில் தறிக் குடும்பங்களிலிருந்தும் நெல் வணிகக் குடும்பங்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுள் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக ஆகவிருப்போர் பலர். மூன்றாண்டுக் கல்விச் செலவு ஒருபுறம். தறியில் அமர்ந்திருந்தால் அம்மூன்றாண்டுகளில் கிடைத்திருக்கும் கூலி மறுபுறம். இவ்விரண்டையும் கொடுத்து வாங்கும் பட்டத்தின் பெயரில் ‘கணிப்பொறி’ என்னும் சொல் இருப்பது மட்டுமே போதுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பெயர்களும் பொருளும்

தமிழ்நாட்டில் இப்படிப்பு ஒரே பெயரில் வழங்கவில்லை. இளநிலையில் மிகுதியாகக் காணப்படுவது பி.காம். கணிப்பொறிப் பயன்பாட்டியல் என்பதாகும். சென்னைப் பல்கலைக்கழகம், வேலூரில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திருவள்ளுவர் பல்கலைக்கழகம் முதலியவற்றைச் சார்ந்த கல்லூரிகளில் இது நடைபெறுகின்றது. கணக்குப் பதிவியல், அடக்கவிலைக் கணக்கியல், வணிகச் சட்டம், வங்கி நடைமுறை ஆகியவை இதன் அடித்தளம். அவற்றோடு நிரல்மொழி ஒன்றிரண்டு, தரவுத்தள மேலாண்மை, டேலி போன்ற கணக்கு மென்பொருள் ஆகியன சேர்க்கப்பெறும். வங்கி மேலாண்மையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பி.காம். படிப்பும் உண்டு. அதில் வங்கிச் சட்டமும் கடன் நடைமுறையும் ஓங்கி நிற்கும். கணிப்பொறிக்குச் சில தாள்களே இடம்பெறும்.

முதுநிலையில் இணைப்பு இன்னும் நெருக்கமாகின்றது. ஆரணியிலிருந்து பேருந்தில் சென்று வரத்தக்க தொலைவிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம், வங்கித் தொழில்நுட்பத்திற்கெனவே தனித்துறை ஒன்றை அமைத்து மேலாண்மை முதுநிலைப் பட்டம் வழங்கியது. ஐதராபாத்தில் ரிசர்வ் வங்கி 1996ஆம் ஆண்டு நிறுவிய வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், ஐதராபாத் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, வங்கித் தொழில்நுட்பத்தையும் தகவல் பாதுகாப்பையும் சிறப்புப் பாடங்களாகக் கொண்ட எம்.டெக். படிப்பை நடத்தியது. நாட்டின் மைய வங்கியே இதற்கென ஒரு நிறுவனத்தை உருவாக்கியது என்பதிலிருந்து, இத்துறை கல்லூரிகள் விளம்பரத்திற்காகக் கூட்டிச் சேர்த்த கலவை அன்று என்பது புலனாகும். ஆனால் விளம்பரத்திற்காகக் கலந்தவையும் இல்லாமல் இல்லை!

பேரேட்டிலிருந்து பொறிக்கு

1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 14 பெரிய வங்கிகளும், 1980இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பெற்றன. கிளைகள் சிற்றூர்கள்தோறும் பெருகின, கணக்குகளும் பெருகின. தடித்த அட்டையிட்ட பேரேடுகளில் கையால் எழுதி, கையால் கூட்டி, இரவு நேரம் வரை ஒரு ரூபாய் வேறுபாட்டைத் தேடிக்கொண்டிருந்த எழுத்தர்களைப் பெரியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழுக்கள் 1984இலும் 1989இலும் வங்கிப் பணிகளைக் கணிப்பொறிமயமாக்குவதற்கான வழிகளை வகுத்துக் கொடுத்தன. வேலை பறிபோகும் என்ற அச்சம் ஊழியரிடையே இருந்ததனால், சங்கங்களுக்கும் இந்திய வங்கிகள் சங்கத்திற்கும் இடையே 1983, 1987, 1993 ஆகிய ஆண்டுகளில் உடன்பாடுகள் செய்துகொள்ளப்பெற்ற பின்னரே பொறிகள் படிப்படியாக நுழைந்தன.

முதலில் வந்தவை பேரேட்டைத் தட்டச்சு செய்யும் பொறிகளே எனலாம். ஒவ்வொரு கிளையும் தனித் தீவாக இருந்தது. ஆரணிக் கிளையின் வாடிக்கையாளர் சென்னைக் கிளையில் பணம் எடுக்க இயலாது. மையப்படுத்திய வங்கி முறை வந்தபின் வாடிக்கையாளர் கிளைக்கு உரியவர் என்ற நிலை மாறி வங்கிக்கு உரியவரானார். 2004இல் உடனடி மொத்தத் தீர்வு முறையாகிய ஆர்.டி.ஜி.எஸ்., 2005இல் நெஃப்ட், 2010இல் ஐ.எம்.பி.எஸ்., 2016இல் யு.பி.ஐ. என அடுத்தடுத்து வந்தன. காசோலையும் தாளாகப் பயணம் செய்வதை விட்டுப் படமாகச் செல்லத் தொடங்கியது. சென்னையில் அம்முறை 2011இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவு மாற்றத்திலும் மாறாத ஒன்று உண்டு. பேரேட்டின் விதியே அது. மூன்று துறைகளும் உண்மையாக இணையும் இடமும் அதுவே என்பது என் கருத்து. சற்று விரிவாக நோக்குவோம்.

இரண்டும் நடத்தல் வேண்டும்

சென்னைக் கடைக்காரர் ஒருவர், ஆரணிச் சேலை வணிகர் ஒருவருக்கு 40,000 ரூபாயைச் செல்பேசி வழியே அனுப்புகின்றார் எனக் கொள்வோம். அனுப்புவோரின் வங்கி அவர் கணக்கில் 40,000 ரூபாயைப் பற்று எழுத வேண்டும். பெறுவோரின் வங்கி அவர் கணக்கில் அதே தொகையை வரவு வைக்க வேண்டும். இடையில் இந்தியத் தேசியக் கொடுப்பனவு நிறுவனம் செய்தியை இங்குமங்கும் கொண்டு செல்கின்றது. இவை யாவும் சில நொடிகளில் நிகழ்வன. பற்று எழுதியாயிற்று, வரவு வைக்குமுன் மின்சாரம் நின்றுவிட்டது அல்லது இணைப்பு அறுந்துவிட்டது எனில் என்னாகும்? ஒருவரிடமிருந்து போன பணம் மற்றவரிடம் சேரவில்லை. கணக்கியல் நோக்கில் இஃது ஒற்றைக் காலில் நிற்கும் பதிவு.

இரட்டைப் பதிவு முறையை இத்தாலியத் துறவி லூக்கா பச்சோலி 1494ஆம் ஆண்டு வெனிசில் அச்சிட்ட தம் கணித நூலில் விளக்கினார். ஒவ்வொரு பற்றுக்கும் ஈடான வரவு இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். வெனிசு வணிகரிடையே அதற்கு முன்பே அம்முறை வழக்கில் இருந்தது. அவ்வணிகர் கையாண்ட எண்களோ இந்தியாவில் தோன்றி, பாக்தாதில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிசுமி போன்ற அறிஞர்களின் நூல்கள் வழியே மேற்கே சென்றவை. கணிப்பொறியியலில் ‘அல்காரிதம்’ என்று இன்று மாணவர் எழுதும் சொல் அவ்வறிஞரின் பெயரிலிருந்தே பிறந்தது என்பதை இங்கு நினைவு கூரலாம்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரவுத்தளம் அமைத்த கணிப்பொறி அறிஞர்கள் இதே சிக்கலை வேறு திசையிலிருந்து வந்தடைந்தனர். தொடர்புடைய மாற்றங்கள் ஒன்றாக நிகழ வேண்டும். ஒன்று தவறினும் முன்செய்தவை அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்கள் விதி வகுத்தனர். இதனையே அவர்கள் பரிமாற்றம் என அழைத்தனர். இத்துறையில் பெரும்பணி செய்த ஜிம் கிரே என்பார்க்கு 1998ஆம் ஆண்டின் டியூரிங் விருது வழங்கப்பெற்றது. பெரிய கணிப்பொறிகளின் விரைவை அளப்பதற்கு 1985இல் அவரும் பிறரும் முன்வைத்த சோதனையின் பெயர் யாதெனின், ‘பற்று–வரவு’ என்பதே. பொறியின் ஆற்றலை அளக்க அவர்கள் தேர்ந்தெடுத்த வேலை, ஒரு வங்கிக் கிளையின் காசாளர் நாள்தோறும் செய்யும் பதிவு.

ஆகவே கணக்குப் பதிவியலை மட்டும் பயின்றவர், பதிவு ஏன் பாதியில் நின்றது என அறியார். நிரல்மொழியை மட்டும் பயின்றவர், பாதியில் நின்ற பதிவு யாருக்கு எவ்வளவு இழப்பு என அறியார். பழுது ஏற்பட்டபின் இரு வங்கிகளின் ஏடுகளையும் ஒப்பிட்டு, தொங்கலில் நிற்கும் தொகையை உரியவரிடம் சேர்க்கும் பணிக்கு இரண்டும் தெரிந்தவரே வேண்டும். இது சட்டத்தோடும் தொடர்புடையது. ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு யு.பி.ஐ. வழியே அனுப்பிய பணம், அனுப்பியவர் கணக்கில் பற்றாகி, பெறுபவர் கணக்கில் சேராது போனால், அடுத்த நாளுக்குள் தானாகத் திருப்பப்பெற வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. கூலிப் பணத்திற்காகக் காத்திருக்கும் நெசவாளர்க்கு இவ்விதியை எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவராவது வேண்டாமா?

பத்துப் பைசாக் கணக்கு

சிறிய எடுத்துக்காட்டு ஒன்று. பத்துப் பைசாவைப் பத்து முறை கூட்டினால் ஒரு ரூபாய் என்பதைத் தொடக்கப் பள்ளி மாணவனும் சொல்வான். கணிப்பொறியிடம் 0.1 என்னும் எண்ணைப் பின்ன எண்ணாகக் கொடுத்துப் பத்து முறை கூட்டச் சொன்னால், வழக்கமான துல்லியத்தில் அது 0.9999999999999999 என விடை தரும். பொறி இரண்டடிமான எண்முறையில் இயங்குவதால் பத்தில் ஒன்றை அதனால் முழுமையாக எழுத இயலாது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என முடிவின்றி எழுதுவது போன்றதே இது. அறிவியல் கணக்கில் இவ்வேறுபாடு பெரிதன்று. வங்கியில் இலட்சக்கணக்கான கணக்குகளில் நாள்தோறும் இது சேர்ந்தால் ஏடு பொருந்தாது. எனவே பணத்தை முழு எண்ணாகப் பைசாவில் வைப்பர். அல்லது தசம முறையிலேயே கணக்கிடும் வசதியைப் பயன்படுத்துவர். வணிகத்திற்கென 1959இல் உருவாக்கத் தொடங்கிய கோபோல் மொழி அவ்வசதியை உடையது. நிரல்மொழி ஆசிரியர் இதனைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால், மாணவர் எழுதும் முதல் வங்கி நிரலே தவறாகிவிடும்.

மற்றொன்று சேமிப்புக் கணக்கின் வட்டி. 2010 மார்ச்சு வரை, மாதத்தின் 10ஆம் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே கணக்கிலிருந்த மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி வழங்கப்பெற்றது. ஒரு நெசவாளர் தம் கணக்கில் 10,000 ரூபாய் வைத்திருந்து, ஏப்ரல் 20ஆம் நாள் பட்டு நூல் வாங்க 9,000 ரூபாய் எடுத்து, மறுநாளே சேலை விற்ற பணத்தைக் கொண்டு திரும்பச் செலுத்தினார் எனக் கொள்வோம். அன்றைய வீதம் ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு. பழைய முறைப்படி அம்மாதம் முழுமைக்கும் 1,000 ரூபாய்க்கு மட்டுமே வட்டி. ஏறத்தாழ 2 ரூபாய் 92 பைசா. 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாள்தோறும் இருக்கும் இருப்புக்கு வட்டி கணக்கிட வேண்டும் என ரிசர்வ் வங்கி முறையை மாற்றியது. அதன்படி அதே நெசவாளர்க்கு 27 ரூபாய் 90 பைசா கிடைக்கும். ஒரே ஒரு நாள் பணத்தை எடுத்ததற்காக மாத வட்டியில் பத்தில் ஒன்பது பங்கை அவர் இழந்துகொண்டிருந்தார்! கையால் எழுதிய காலத்தில் நாள்வாரிக் கணக்கு இயலாத காரியம். பொறி வந்தபின் இயன்றது. எனினும் பொறி தானாக முறையை மாற்றிவிடவில்லை. மாற்ற வேண்டும் என முடிவு செய்தவர்கள் வங்கியியல் அறிந்தவர்கள்.

பொறி செய்ய இயலாததும் உண்டு. 1906ஆம் ஆண்டு சென்னையில் அர்பத்நட்டு நிறுவனம் முறிந்தபோது எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அதன் எதிரொலியாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. அது மைதொட்டு எழுதிய பேரேட்டுக் காலம். 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியோ முற்றிலும் கணிப்பொறிமயமான காலத்தில், வாராக் கடன்களால் நலிந்து, 2020 நவம்பரில் பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பெற்று, அத்திங்களிலேயே டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பெற்றது. யாருக்கு, எதன் பிணையில், எவ்வளவு கடன் கொடுப்பது என்பதை ஆராய்வது நிதியியல். பாடத்திட்டத்தில் இப்பகுதியைக் கடினம் எனக் கருதி மாணவர் ஒதுக்குவதை அடிக்கடி காண்கிறோம்.

வட்டி பற்றிய ஐயம்

நம் பெற்றோருள் சிலர், வட்டி விலக்கப்பெற்றிருக்க, வங்கிப் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா எனக் கேட்பதுண்டு. மார்க்கத் தீர்ப்பை உலமாப் பெருமக்களிடம் கேட்டறிதலே முறை. படிப்பின் பரப்பு எத்தகையது என்பதை மட்டும் ஈண்டுக் கூறலாம். கொடுப்பனவு, தணிக்கை, தகவல் பாதுகாப்பு, வணிகக் கணக்கு எனக் கடன் வட்டியோடு நேர்த்தொடர்பில்லாப் பகுதிகள் பல இதில் உள்ளன. உலக அளவில் வட்டியில்லா வங்கி முறையும் தனித்துறையாக வளர்ந்துள்ளது. துபாய் இஸ்லாமிய வங்கி 1975இலும், மலேசியாவின் பேங்க் இஸ்லாம் 1983இலும் தொடங்கப்பெற்றன. இந்தியாவில் 2008ஆம் ஆண்டு ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கி முறைக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அதனைத் தொடர்வதில்லை எனத் தெரிவித்தது.

ஒருவர் முதலிட, மற்றொருவர் உழைக்க, கிடைக்கும் ஆதாயத்தை முன்பே பேசிய விகிதப்படி பகிர்ந்துகொள்வது முளாரபா. வங்கியே பொருளை வாங்கி, தன் ஆதாயம் இவ்வளவு என வெளிப்படையாகச் சொல்லி, தவணையில் விற்பது முராபஹா. முளாரபா முறையில் வைப்பாளர்க்கு என்ன கிடைக்கும் என்பது ஆதாயம் தெரிந்த பின்னரே தெரியும். யார் பணம் எத்தனை நாள் எந்தத் தொகுதியில் இருந்தது எனக் கணக்கிட்டே பிரிக்க வேண்டும். நிலையான வட்டியைவிட இக்கணக்கு நுட்பமானது. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் பணிபுரிய விழையும் நம் மாணவர்க்கு, கணக்கியலும் கணிப்பொறியும் சேர்ந்த பயிற்சி இவ்வகையிலும் துணைசெய்யும்.

சேருமுன் அறிய வேண்டுவன

இப்பட்டம் பெற்றால் வங்கி வேலை உறுதி என்று சொல்வாருண்டு. அஃது உண்மையன்று. பொதுத்துறை வங்கிகளின் அதிகாரிப் பணிக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொதுத் தேர்வை எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம்; தமிழ் இலக்கியம் பயின்றவரும் எழுதலாம். தகவல் தொழில்நுட்பச் சிறப்பு அலுவலர் பணிக்கோ கணிப்பொறிப் பொறியியற் பட்டமோ எம்.சி.ஏ. போன்ற முதுநிலைப் பட்டமோ கேட்கப்பெறுகின்றது, பி.காம். கணிப்பொறிப் பயன்பாட்டியல் மட்டும் அதற்குப் போதாது. எனவே கணிப்பொறிப் பக்கம் செல்ல எண்ணும் மாணவர் எம்.சி.ஏ. வரை திட்டமிட வேண்டும். அப்படிப்பு 2020 முதல் ஈராண்டாகக் குறைக்கப்பெற்றுள்ளது. மேல்நிலையிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் பயின்றிருத்தல் அதற்குப் பெரும்பாலும் வேண்டப்பெறும். மேல்நிலையில் கணிதமின்றி வணிகவியல் பிரிவெடுத்த மாணவர், பட்டப்படிப்பிலேனும் வணிகக் கணிதத்தையும் புள்ளியியலையும் தவறவிடலாகாது.

வேலை வங்கியில் மட்டுமில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணிப்பொறிமயமாக்க 2022 ஜூனில் நடுவண் அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஊரகச் சங்கத்தின் பழைய ஏட்டைப் பொறியில் ஏற்றுவது எளிய வேலையன்று. பழைய ஏட்டின் பிழையும் உடன் ஏறிவிடும். ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இருத்தல் வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பொறிகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதோடு, இறுதியாண்டு மாணவர் செய்த ஆய்வுத் திட்டங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். எங்கோ அச்சிட்டு விற்கும் திட்ட அறிக்கையைப் பெயர் மாற்றிக் கட்டித் தந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். நல்ல திட்டத்திற்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆரணியில் முதலாளி நெசவாளர்க்குப் பாவும் ஊடையும் சரிகையும் எடைபோட்டுக் கொடுக்கின்றார். நெசவாளர் சேலையாகத் திருப்பித் தருகின்றார். கொடுத்த எடை, வந்த சேலையின் எடை, கழிவு, முன்பணம், கூலி, பிடித்தம் ஆகியவை ஒரு சிறு குறிப்பேட்டில் இருக்கும். பெரும்பாலும் அந்த ஏடு ஒருவர் கையில் மட்டுமே இருக்கும். பண்டக் கணக்கும் பணக் கணக்கும் ஒன்றையொன்று தொடும் இந்த ஏட்டை, இருதரப்பாரும் தத்தம் செல்பேசியில் காணும்படி ஒரு மாணவர் அமைத்தால், அவர் தரவுத்தளத்தையும் கற்பார்; எடையில் நூறு கிராம் குறைந்தால் அது எந்தத் தலைப்பில் பற்றாகும் என்பதையும் கற்பார். முன்பணம் எவ்வளவு தீர்ந்தது என்பதில் முதலாளிக்கும் நெசவாளர்க்கும் எழும் வழக்குகள் பலவும் ஏட்டைச் சார்ந்தவையே.

தமிழின் இடம்

தமிழ்த்துறை மலரில் இக்கட்டுரைக்கு என்ன வேலை என எவரேனும் வினவலாம். பேரேடு, குறிப்பேடு, பற்று, வரவு, ஐந்தொகை, முறி, உண்டியல் என வணிகத் தமிழ் பழமையும் வளமும் உடையது. இன்று கோயில்களிலும் தர்காக்களிலும் காணிக்கைப் பெட்டியைக் குறிக்கும் உண்டியல் என்னும் சொல், நகரத்தார் முதலிய வணிகர் வழக்கில் பணமாற்று முறியைக் குறித்தது. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி மற்றோர் ஊரில் பெறுவதற்கு அதுவே வழி. நெஃப்ட் செய்வதும் அதுதான். ஆங்கிலத்தில் மட்டுமே பாடத்தைக் கேட்டுப் புரியாமல் மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு, ‘உண்டியல்’ என்று ஒருமுறை சொன்னால் பாடம் விளங்கிவிடுவதை வகுப்பில் கண்டிருக்கிறோம்.

பணிக்கும் இது பயன்படும். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்கு விண்ணப்பிப்போர் அந்தந்த மாநிலத்தின் ஆட்சி மொழியைப் படிக்கவும் எழுதவும் பேசவும் அறிந்திருத்தல் வேண்டும். கணிப்பொறியை இயக்கும் அறிவும் கட்டாயம். அவ்வெழுத்தர் தேர்வுகளைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த 2021 செப்டம்பரில் நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. எனவே ஆரணியிலிருந்து வரும் மாணவர் முதன்மைத் தேர்வைத் தம் மொழியிலேயே எழுதும் வாய்ப்பு உண்டு. தேர்வுக்குரிய கலைச்சொற்கள் மேல்நிலைப் பள்ளியின் வணிகவியல், கணக்குப் பதிவியல் பாடநூல்களில் உள்ளவையே. அந்நூல்களைப் பழைய தாள் கடையில் போட்டுவிடாமல் வைத்திருக்கும்படி முதலாண்டு மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.